தம்பியின் தொட்டிக்கு ஒரு கட்டை

வேப்பங்கட்டை மீனுக்கு மருந்தா, விஷமா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வேதியியலில் பட்டம் வாங்கியவள் நான், அதற்கு மேல் பி.எட். வேறு. அந்தச் சான்றிதழ்கள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. பூச்சி அரிக்காமல் இருக்க நடுநடுவே காய்ந்த வேப்பிலை போட்டு வைத்திருக்கிறோம். வேம்பு பூச்சியைக் கொல்லும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீனை என்ன செய்யும் என்று கேட்டால் மட்டும், தெய்வ குற்றம் செய்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்கள்.

நாங்கள் இருப்பது புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில், செலியமேட்டில். என் கணவர் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. அவளுடைய பிறந்தநாளுக்கு அவர் பாகூரிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும் கொஞ்சம் தங்க மீன்களும் வாங்கி வந்தார். வாங்கியது செல்போன் ரீசார்ஜ், லவ் பேர்ட்ஸ் கூண்டு, வண்ண மீன் மூன்றையும் விற்கும் கடையில். அந்தக் கடைக்காரரிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் உண்டு. போர் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா? "ஒண்ணும் ஆவாதுக்கா." ஒரு நாளைக்கு எத்தனை வேளை தீனி? "எவ்ளோ போட்டாலும் ஒண்ணும் ஆவாதுக்கா." தங்க மீன்கள் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்துகொண்டு மிதக்கத் தொடங்கியதும் ஓடிப்போய்க் கேட்டேன். அப்போதும் அவர் கலங்கவில்லை. "கோல்டு பிஷ் அப்படித்தாங்க்கா" என்றார், குற்றம் மீனுடையது என்பதுபோல.

கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று அவர் கொசுறாகப் போட்டுக் கொடுத்த சக்கர் மீன். கறுப்பு உடம்பு, முதலைத் தோல், வாய் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் அடிவயிற்றுப் பக்கம் இருக்கும். நாளெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நக்கிக்கொண்டே இருக்கும். அழகானவை எல்லாம் செத்துப்போன வீட்டில் அவலட்சணம் மட்டும் தளதளவென்று வளர்ந்தது. என் மகள் அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தாள்.

எங்கள் ஊர் விசேஷங்களில் ஒரே பெண் குழந்தையை வைத்திருப்பவளுக்கு என்ன மரியாதை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தாம்பூலப் பையை வாங்குவதற்குள் குறைந்தது மூன்று பேராவது குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "தம்பிப் பாப்பா எப்போ வருவான்?" என்று கேட்பார்கள். கேள்வி அவளிடம், கண் என் வயிற்றில். என் மகள் யாரையும் ஏமாற்றமாட்டாள். தம்பி ஏற்கெனவே இருக்கிறான் என்பாள். எங்கேடி என்பார்கள். தொட்டியில் என்பாள். என்ன செய்கிறான் என்றால், "கண்ணாடிய நக்கிக்கினு இருக்கான்" என்பாள். அதன் பிறகு அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையில், பிள்ளையை ஒழுங்காக வளர்க்கவில்லை என்ற தீர்ப்பு அச்சடித்திருக்கும்.

இதில் அதிகம் மனம் புண்பட்டவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. அடுத்த தெருவில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வர அவருக்குக் காரணம் எதுவும் தேவையில்லை, போவதற்குத்தான் காரணம் வேண்டும். தொட்டியைப் பார்த்தபடி ஒருநாள் சொன்னார்: "பேரு வெச்சதே சரியில்ல. வரப்போற புள்ளைக்கு வழிய அடைச்சிக்கினு குந்திக்கினு கீது பாரு." நான் சிரித்தேன். அவர் போன பிறகு, ஒருவேளை அப்படியும் இருக்குமோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். படித்தவள்தான், ஆனாலும் யோசித்தேன்.

தங்க மீன்கள் செத்தபோது மகளிடம், அவற்றைப் பாகூர் ஏரிக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருந்தேன். அவளும் ஏற்றுக்கொண்டாள். கடைசித் தங்க மீனும் ஏரிக்குப் போன அன்று மட்டும், என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "தம்பிய மட்டும் ஏரிக்கு அனுப்பிடாதம்மா" என்றாள். அனுப்பமாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்த கை கீழே இறங்குவதற்குள் பயம் வந்துவிட்டது. ஒரு மீனின் உயிருக்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுத்தேன்?

அந்த நேரம் பார்த்துத் தம்பி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் பில்டருக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொள்ள ஆரம்பித்தான். வெளியே வந்தால் விலாவில் கீறல். செல்போனில் தேடினேன். இந்த வகை மீனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமும், ஒட்டிக்கொண்டு சுரண்ட ஒரு மரக்கட்டையும் வேண்டும் என்று பல பேர் ஒரே மாதிரிச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மகள், "அப்போ தம்பிக்கு வூடே இல்லியாம்மா?" என்றாள். கட்டை விவகாரம் அப்படித்தான் தொடங்கியது.

கடைகளில் தொட்டிக்கென்றே கட்டை விற்கிறார்கள். அதை வாங்கலாம் என்றதும் என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சுற்றிலும் மரம் நிற்கிற ஊரில் கட்டையை விலைகொடுத்து வாங்கினால் தெருவில் தலைகாட்ட முடியாது என்றார். நானே கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார். இந்த உற்சாகத்தில் பாதியை அவர் காஸ் சிலிண்டர் புக் செய்வதில் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் பூரணாங்குப்பம் கடற்கரையிலிருந்து ஒரு சவுக்குக் கட்டை வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடலில் ஊறியதில் உப்பு உள்வரை ஏறியிருக்கும், நல்ல தண்ணீர் மீனுக்கு ஆகாது என்றேன். அடுத்தது கரும்பு வயல் வரப்பில் கிடந்த பூவரசங்கிளை. அந்த வரப்பில் களைக்கொல்லி அடிப்பதை நானே பார்த்திருக்கிறேன், வேண்டாம் என்றேன். மூன்றாவதாக யார் வீட்டுக் கட்டில் காலையோ தூக்கி வந்து, தேக்கு என்று பெருமையோடு நடுக்கூடத்தில் வைத்தார். வார்னிஷ் மினுமினுத்தது, ஆணி வேறு. அதையும் வேண்டாம் என்றேன்.

நாத்தனார் முறுக்கு தின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தம்பி உன்ன பொண்ணு பாக்க வந்தப்ப நீ இவ்ளோ கேள்வி கேக்கலியே" என்றார்.

உண்மைதான். அன்றைக்கு ஆணி இருக்கிறதா என்றாவது பார்த்திருக்கலாம்.

எந்த மரம் ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். வெளிநாட்டு வீடியோக்களில் ஓக் நல்லது, பீச் நல்லது என்கிறார்கள். செலியமேட்டில் ஓக் மரத்துக்கு நான் எங்கே போவேன்? தமிழ் வீடியோவில் ஒருவர் முதல் பாதி முழுக்க மணியை அழுத்தச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, கடைசியில் கட்டையை நல்லா வேகவைங்க பிரெண்ட்ஸ் என்று முடித்துக்கொண்டார். பலரிடமிருந்து பொறுக்கிச் சேர்த்ததில் ஒரு கணக்கு பிடிபட்டது. பச்சை மரம் கூடாது, தானாகச் செத்து முழுக்கக் காய்ந்ததாக இருக்கவேண்டும். பால் வடிகிற மரமும் பிசின் வடிகிற மரமும் கூடாது. எருக்கு, கள்ளி, அரளி பக்கமே போகக் கூடாது. நகத்தால் அழுத்தினால் பதிகிற உளுத்த கட்டை தண்ணீரைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது என்ன மரம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் நாங்கள் கவிழ்ந்தோம்.

மழைக்காலம் முடிந்து பெண்ணையாற்றில் வெள்ளம் வடிந்த பிறகு, கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு வேரை என் கணவர் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்லத் தயாராக நின்ற நானே கை நீட்டி வாங்கினேன். பட்டை எல்லாம் ஆற்று மணலில் உரசி உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, கவிழ்த்து வைத்த கை மாதிரி ஐந்தாறு கிளை பிரிந்து இருந்தது. நடுவே ஒரு குகை. தம்பி நுழைய அளவெடுத்துச் செய்ததுபோல. நகத்தால் அழுத்தினேன், நகம்தான் வலித்தது. பிசின் இல்லை, வாசனை இல்லை, பெயின்ட் இல்லை. சொல்லப்போனால் குறையே இல்லை. பெயரும் இல்லை. வெள்ளம் எந்த ஊரில் எந்த மரத்தைப் பிடுங்கியதோ யாருக்குத் தெரியும்?

கொய்யா என்றார் கணவர். நாத்தனார் கட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு வேம்பு என்றார். இரண்டு பேரும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள், மரத்தைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ளவர்கள். அந்த உரிமையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கத்தினார்கள். தீர்ப்புச் சொல்ல நாத்தனாரே வழி கண்டுபிடித்தார். கத்தியால் ஒரு சிராய் சீவி வாயில் போட்டு மென்றார்.

"கசக்குது. வேம்புதான்."

கணவரும் ஒரு சிராயை மென்றார். "இல்லக்கா. துவர்க்குது. கொய்யா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மருமகள் என்கிற கடமையில் நானும் மென்றேன். நான் அப்போதுதான் சர்க்கரை போட்ட காபி குடித்திருந்தேன். அதன் மேல் எது பட்டாலும் கசக்கத்தான் செய்யும். தெரியவில்லை என்றேன். படித்து என்ன பிரயோசனம் என்பதை நாத்தனார் வாயால் சொல்லவில்லை, முறுக்கை ஒடித்த சத்தத்தில் சொன்னார். என் மகளும் வாயைத் திறந்து வந்து நின்றாள். அவளை மட்டும் தடுத்தேன். ஒரு குடும்பமே வட்டமாக உட்கார்ந்து கட்டையைக் கடித்துக்கொண்டிருந்ததைத் தெருவில் போன யாராவது பார்த்திருந்தால், விலைவாசி இவ்வளவு மோசமாகிவிட்டதா என்று நினைத்திருப்பார்கள்.

கசப்பை வைத்து மரத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது எனக்கு அப்போதே தெரியும். மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தே நாக்குக்கு அப்படித்தான் இருக்கும். சொல்லிப் பார்த்தேன். வேம்பாக இருந்தால் போடவேண்டாமே என்று இழுத்தேன். அங்கேதான் பிடித்துக்கொண்டார் நாத்தனார். வேம்பாக இருந்தால் இன்னும் நல்லது, அது மருந்து, ஆத்தா வாசம் பண்ணுகிற மரம், அதைப் போய் ஆகாது என்கிறாயே, உன் வாயைக் கழுவு என்றார். இதே நாத்தனார்தான் கத்தரிச்செடிக்கு வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்துப் பூச்சியெல்லாம் பொத்துப் பொத்தென்று விழுவதை என்னைக் கூப்பிட்டுக் காட்டியவர். பூச்சியைப் பார்த்தால் விஷம், மீனைப் பார்த்தால் மருந்து என்று ஆள் பார்த்து நடந்துகொள்ளும் அளவுக்கு ஒரு மரத்துக்கு விவரம் இருக்குமா? கேட்கவில்லை. மனதில் மட்டும் கேட்டுக்கொண்டேன். என் கேள்விகளில் பெரும்பாலானவை அங்கேதான் குடியிருக்கின்றன.

கொய்யா என்று நம்பித்தான் வேலையைத் தொடங்கினேன். கணவர் பினாயில் ஊற்றிக் கழுவலாம் என்றார். மரம் எதையும் குடித்துவிடும், குடித்ததைப் பிறகு தொட்டியில் கக்கும், சோப்புகூடக் கூடாது என்று பிடுங்கி வைத்துக்கொண்டு, வெறும் தண்ணீரில் பிரஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். பிறகு வேகவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருக்கிற எந்தப் பாத்திரத்திலும் அது அடங்கவில்லை. நாத்தனார் வீட்டு அண்டாவைக் கேட்டு வாங்கி, கொல்லையில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு மூட்டினேன். கட்டையை எரித்துக் கட்டையை வேகவைத்துக்கொண்டிருந்ததை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்த பக்கத்து வீட்டம்மா, "இன்னாமா, குழம்புக்கா?" என்று கேட்டார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் கொதித்து டிகாஷன் நிறமானது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடியும் டிகாஷன். இந்த நிறத்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை, போகப்போகக் குறையும் என்று படித்திருந்தேன். இருந்தாலும் ஒவ்வொரு அண்டாவும் பழுப்பாக வரும்போது செல்போனில் அதே பக்கத்தை மறுபடி திறந்து படித்தேன். நான் கொட்டப்போன தண்ணீரை நாத்தனார் பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டார். வேப்பங்கஷாயத்தைச் சாக்கடையில் கொட்டுவார்களா என்று கேட்டுவிட்டு, அதைத் தூக்கிப்போய்த் தலைக்கு ஊற்றிக் குளித்தார். மறுநாள் பளிச்சென்று வந்து நின்று, "பாரு, எனக்கு ஒண்ணும் ஆவல. மீனுக்கு மட்டும் இன்னா ஆயிடும்?" என்றார். ஆராய்ச்சி முடிந்தது, ஆதாரம் மஞ்சள் பூசி எதிரில் நின்றுகொண்டிருந்தது.

வெந்த கட்டை மிதந்தது. மூழ்கும்வரை ஊறப்போடவேண்டும் என்று பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி, அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தேன். வாரக்கணக்கில் தினமும் தண்ணீரை மாற்றினேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் குழவியை நகர்த்தச் சொல்லி, கட்டை கீழே நிற்கிறதா என்று பார்ப்பாள். எழும்பி வந்தால், தம்பி வூடு இன்னும் வேகலை என்று அறிவிப்பாள். ஒருநாள் எழும்பவில்லை. அன்று சாயந்திரம் கட்டையைத் தொட்டியில் இறக்கினோம். தம்பி கொஞ்ச நேரம் எட்ட நின்று பார்த்தான். பிறகு விர்ரென்று போய்க் குகைக்குள் நுழைந்து, கூரையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தான். என் மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு சாப்பிடக்கூட எழவில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஒரு சாயந்திரம் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சில நாளில் கட்டையின் மேல் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஏதோ படர்ந்தது. அதையும் படித்திருந்தேன். புதுக்கட்டையில் அப்படி ஒரு பூஞ்சை வரும், ஒன்றும் செய்யாது, சுரண்டும் மீன் இருந்தால் தின்றுவிடும், பிரஷால் தேய்த்தாலும் போய்விடும். தம்பியும் அதைத் தின்றுகொண்டுதான் இருந்தான். அதன் மேல் ஊரும்போது அவன் முதுகில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாகத் தெரியும். நான் பதறாத அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வீட்டுச் சாவியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே பக்கத்து வீட்டம்மா இளநீரோடு வந்துகொண்டிருந்தார். "ஏம்மா, தம்பிக்கு அம்மை போட்டுகீதாமே. புள்ளைக்கு இத குடு, குளிர்ச்சி" என்றார். எனக்கு எந்தத் தம்பி என்றே ஒரு கணம் புரியவில்லை. எனக்கு மகன் இருக்கிறானா என்று நானே சந்தேகப்பட்ட நாள் அது. வாசலைப் பார்த்தால் நிலையில் கொத்தாக வேப்பிலை கட்டியிருந்தது. அதற்குக் கீழே படியில், பையைக்கூடக் கீழே வைக்காமல் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர் வேப்பிலையைப் பார்த்துவிட்டு மகளுக்குத்தான் அம்மை என்று முகம் வெளுத்து, குளிக்காமல் உள்ளே போகலாமா கூடாதா என்று குழம்பி அங்கேயே நின்றுவிட்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும்தான் பையை வைத்தார்.

உள்ளே நாத்தனார் தொட்டி முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார். தம்பியின் முதுகில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் முடிவு செய்துவிட்டார். கொல்லையிலிருந்து பச்சை வேப்பிலையை உருவி ஒரு பிடி, மஞ்சள்தூள் தாராளமாக, எல்லாம் தொட்டிக்குள் போயிருந்தன. தண்ணீர் சாம்பார் நிறத்தில் இருந்தது. தம்பி, மேலே வந்தே பழக்கமில்லாத தம்பி, தண்ணீரின் மேல்மட்டத்தில் சாய்ந்து கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். தங்க மீன்கள் ஏரிக்குப் போவதற்கு முன் செய்த அதே காரியம்.

என் மகள் தொட்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அனுப்பமாட்டேன்னு சொன்ன இல்லம்மா" என்றாள். அவ்வளவுதான்.

எதற்கும் இருக்கட்டும் என்று நான் எப்போதும் ஒரு நீல பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஆறவைத்திருப்பேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்கிற பக்கெட் அது. வலையைத் தேடக்கூடத் தோன்றவில்லை. தம்பியைக் கையாலேயே அள்ளி அதில் விட்டேன். செதில் குத்தி உள்ளங்கையில் ரத்தம் வந்தது. காற்று வரும் குழாயை அதில் போட்டேன். தம்பி அடியில் போய் அசையாமல் கிடந்தான். மகள் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனாருக்கு நான் செய்தது பிடிக்கவில்லை. ஆத்தா இறங்கியிருக்கிற உடம்பைத் தொட்டுத் தூக்கலாமா என்றார். போகிற போக்கில், வீட்டில் தாளிக்கக் கூடாது, மீன் குழம்பு வைக்கவே கூடாது என்று உத்தரவும் போட்டார். என் கணவர் அதற்கு அடுத்த சில நாட்கள் தாளிக்காத சாம்பாரைத்தான் தின்றார். ஒரு சக்கர் மீனுக்காகப் பத்தியம் இருந்த ஆண் பிள்ளை பாகூர் கொம்யூனிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கமுடியும்.

தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, கட்டையை எடுத்து வெயிலில் போட்டேன். பக்கெட்டில் தினமும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே போனது எதுவாக இருந்தாலும் கரைத்து வெளியேற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். நாத்தனார் தினமும் வந்து நின்று அதைத் திருப்தியோடு பார்த்தார். ஏன் இவ்வளவு திருப்தி என்று மூன்றாவது நாள்தான் விளங்கியது. அம்மை போட்டவர்களுக்கு முதல் தண்ணி, இரண்டாவது தண்ணி, மூன்றாவது தண்ணி என்று தலைக்கு ஊற்றி ஆத்தாவை வழியனுப்புவார்கள் அல்லவா? அந்தக் கணக்கில் வைத்திருக்கிறார். "மூணாந்தண்ணி ஊத்தியாச்சி. இனிமே எழுந்துடும் பாரு" என்றார். பிறந்ததிலிருந்து தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் ஒரு ஜீவனுக்குத் தலைக்குத் தண்ணி.

மறுநாள் காலையில் தம்பி பக்கெட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தான்.

மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் வீட்டில் மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது. வேப்பிலையும் மூன்று தண்ணியும்தான் காப்பாற்றின என்றார் நாத்தனார், இதை இப்போது ஊர் விசேஷங்களிலும் சொல்லிவருகிறார். கொய்யாக்கட்டையில் வளர்ந்ததால் உடம்பில் தெம்பு இருந்தது, அதனால் தாங்கியது என்றார் கணவர். மீன் கடைக்காரரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். வேப்பிலை, மஞ்சள், பக்கெட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாந்தான் சொன்னேனேக்கா, ஒண்ணும் ஆவாதுன்னு" என்றார்.

எனக்குத்தான் எதையும் நிரூபிக்க முடியவில்லை. மூச்சுத் திணறலுக்குக் காரணம் பச்சை வேப்பிலையா, மஞ்சளா, அல்லது அதற்கு முன்னாலேயே அந்தக் கட்டை மெதுவாக எதையாவது கக்கிக்கொண்டிருந்ததா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டு எதனால் என்று கேட்டால் எந்தப் பரிசோதனைக் கூடமும் பதில் சொல்லாது. இப்போது தம்பி கழுவிய தொட்டிக்குத் திரும்பிவிட்டான். கட்டை இல்லாததால் மறுபடி பில்டருக்குப் பின்னால் சொருகிக்கொள்கிறான். மறுபடி விலாவில் கீறல். கட்டை கொல்லையில் வெயிலில் கிடக்கிறது, பார்க்க முன்னைவிட அழகாக. மகள் தினமும் ஒருமுறை போய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "தம்பியோட வூடு எப்பம்மா வரும்?" என்று கேட்கிறாள்.

இந்த வம்பே வேண்டாம், நிச்சயமாகத் தெரிந்த மரமாகப் பார்ப்போம் என்று எங்கள் கொல்லைக் கொய்யாவிலேயே பட்டுப்போய் நின்ற ஒரு கிளையை அறுத்து வைத்தேன். என் கண்ணெதிரே வளர்ந்த மரம், பெயரில் சந்தேகமில்லை. நிம்மதியாக இரண்டு நாள் தூங்கினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. போன கோடையில் அந்த மரத்தில் மாவுப்பூச்சி விழுந்தபோது நாத்தனார் வந்து உச்சி முதல் அடிவரை தெளித்துவிட்டுப் போனது வேப்பெண்ணெய்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். ஆற்றுக் கட்டையைத் திரும்ப இறக்கலாமா, கொய்யாக் கிளையை இறக்கலாமா? வேப்பெண்ணெய் அடித்த மரம் ஒரு மழைக்காலம் தாண்டினால் சுத்தமாகிவிடுமா, அல்லது பட்டையை உரித்து வேகவைத்தால்தான் போகுமா? வெள்ளத்தில் வந்த வேர் வேம்பா கொய்யாவா என்று கடிக்காமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? வேப்பங்கட்டையைத் தொட்டியில் போட்டு, அதன் பிறகும் சக்கர் மீன் நன்றாக இருக்கிறது என்றால் எழுதுங்கள். உங்கள் தொட்டியாக இருக்கவேண்டும், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வீட்டுத் தொட்டி வேண்டாம். போட்டுச் செத்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். செத்தவர்கள் கதையை யாரும் வீடியோ போடுவதில்லை.

நான் ஒரு குழந்தையின் தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன். அதனால் தயவுசெய்து ஒண்ணும் ஆவாது என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.